நேயர் கருத்துப் பதிவேடு

செக்காலை ரோட்டில் பெயின்ட் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
இரவு பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை ராக்.
பாட்டுப் போடுவது பால்துரை,
போன் எடுப்பது நான்.

தேதி, பெயர், ஊர், கருத்து.
ஸ்கேல் வைத்து நானே போட்ட கோடுகள்.
கருத்துக்கு விட்ட கட்டம்
ஒருநாளும் போதியதில்லை.

தேவகோட்டை ஆரோக்கியம்
சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறவர்:
"ரஸ்தாவுல வண்டிய ஓரங்கட்டி
கேட்டுக்கிட்டிருக்கேன்.
டிரம்ஸ் ஏறுது, ஏறுது,
உச்சிக்குப் போற நேரத்துல வெட்டிட்டீங்க.
நேரா பட்டுச்சேலைக் கடை விளம்பரத்துல
போய் விழுந்தேன்."

பள்ளத்தூர் மெய்யம்மை ஆச்சி:
"ராக் நேரம்னு சொன்னது
ராகு நேரம்னு காதுல விழுந்துச்சு.
பஞ்சாங்கம் சொல்வீகன்னு வச்சா
ஒருத்தன் கத்துறான்.
நிறுத்தத்தான் போனேன். நிறுத்தலை.
நாளைக்கும் அவன் வருவானா?"

கண்டனூர் வெல்டிங் பட்டறை நூர்தீன்:
எழுபத்தெட்டுக்குப் பிறகு வந்ததெல்லாம் டப்பா.
மறுநாள், அதே கண்டனூர், பெயர் சொல்லாத பையன்:
எழுபத்தெட்டுக்கு முன்னால் வந்ததெல்லாம் மியூசியம்.
இருவருக்கும் ஒரே நம்பர்.
பிச்சப்பா சாரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

மகளிர் விடுதி, அறை முப்பத்தொன்று, சிகப்பி
(பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள்):
"உங்க ஸ்டேஷன்ல
ஒரு பொண்ணுக்குக்கூடக் கோபம் வராதாக்கா?"
சிரிப்பு நின்றது.
அதை இரண்டு முறை எழுதினேன்,
முதல் தடவை கை சரியாக ஓடாததால்.

பிச்சப்பா சார் விளம்பரப் பிரிவு.
வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டுவார்,
பக்கத்தை எச்சில் தொட்டு.
"கருத்துச் சொல்றவன் எவனும்
சோப்பு வாங்குறதில்லம்மா" என்பார்.
பன்னிரண்டுக்கு மேல் மெலடி போடலாமே என்பார்.
போன வாரம் சொன்னதும் அதேதான்.

அப்புறம் புதுவயல்.
அரிசி ஆலைக் காவலாளி சேவுகப்பெருமாள்,
வாரத்தில் நான்கு ராத்திரி.
"திங்கக்கெழமை போட்டது வியாழக்கெழமையும்.
புழுங்கல் நெல்லே ரெண்டு தடவதான் வேகுது.
இது ஏழாவது தடவ."

எண்ணிப் பார்த்தேன். எட்டு.

ஐப்பசி மழையில் ஒருநாள்
டிரான்ஸ்மிட்டர் படுத்துவிட்டது.
பதினோரு நிமிடம் காற்றில் ஒன்றுமே இல்லை.
பால்துரை டார்ச்சோடு மொட்டைமாடிக்கு ஓட
மூன்று போனும் சேர்ந்து அலறின.
இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.
திட்டினார்கள், கெஞ்சினார்கள்,
"தூங்கிட்டீங்களா" என்றார் ஆரோக்கியம்.
ஆச்சி பேசவில்லை,
தொண்டையைச் செருமிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியாக சேவுகப்பெருமாள்:
"களத்துல தவளைச் சத்தம்.
தார்ப்பாய் மேல மழை.
இன்னைக்குப் போட்டதுல இதுதான் புதுசு.
எந்த குரூப்பு பாப்பா?"

கருத்துக் கட்டத்தில் அதை எழுதினேன்.
பாட்டின் பெயர் கேட்கும் இடத்தை
காலியாக விட்டேன்.

மழை விட்ட பிறகும் அவர் வைக்கவில்லை.
"ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷு தெரியாது எனக்கு.
அந்த எட்டுத் தடவ போட்ட பாட்டு இருக்குல்ல,
நல்லாத்தான் பாடுறான்.
நாலாவது நிமிசத்துல மட்டும்
பொய் சொல்றான்."

ஒரு மணிக்கு எல்லாம் அணைந்தது.
பால்துரை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.
நான் ஹெட்போனை எடுத்து
அந்தப் பாட்டைத் தேடிப் போட்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
கீழே பெயின்ட் கடை ஷட்டரில்
யாரோ சைக்கிளைச் சாய்க்கும் ஓசை.

நான்கு.

சொல்கிறான்தான்.